1980களில் பாரமவுண்ட்: டிவிக்காரர்கள் எடுத்த சினிமா

கேள்வி இது: "1980களில் பாரமவுண்ட் ஸ்டுடியோ வெளியிட்ட படங்களில் அப்படி என்ன விசேஷம்? இன்று பார்ப்பதென்றால் எவற்றைப் பார்க்கலாம்?"

எனக்கு மிகவும் பிடித்த பத்தாண்டு, பிடித்த ஸ்டுடியோ. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஸ்பீல்பெர்க், எடி மர்ஃபி, டாம் குரூஸ் என்று பெயர்களை அடுக்குவார்கள். அதுவும் சரிதான். ஆனால் பட்டியலைச் சற்று உற்றுப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். படங்களுக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள், எழுதியவர்கள், இயக்கியவர்கள், நடித்தவர்கள் என எந்தப் பக்கம் போனாலும் டிவியில் தொழில் பழகியவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். பாரமவுண்ட் அந்தக் காலத்தில் ஜெயித்ததற்கு முதல் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

தலைமையே அப்படித்தான். பாரி டில்லர் 1974இல், 32 வயதில், பாரமவுண்டின் தலைவராக வந்தார். அதற்கு முன் ஏபிசி தொலைக்காட்சியில் வாரம் ஒரு புதுப் படம் எடுத்து ஒளிபரப்பும் திட்டத்தை நடத்தியவர். 1976இல் வந்து சேர்ந்த மைக்கேல் ஐஸ்னரும் ஏபிசி ஆள்தான். வாராவாரம் ஒரு படம் தயாராக வேண்டுமென்றால் கதையை முப்பது வினாடி விளம்பரத்தில் சொல்லிவிட முடிய வேண்டும். கொடுத்த பணத்துக்குள், குறித்த நாளுக்குள் வேலை முடியவும் வேண்டும். இந்த இரண்டு பழக்கத்தையும் அவர்கள் கையோடு சினிமாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

பத்தாண்டின் முதல் கோடையிலேயே பலன் தெரிந்தது. 1980 மே மாதம் 'ஃப்ரைடே த 13த்'. வெளியார் ஒருவர் சுமார் 5.5 லட்சம் டாலரில் எடுத்த திகில் படம் அது. பாரமவுண்ட் 15 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்க உரிமையை வாங்கியது. அமெரிக்காவில் மட்டும் 4 கோடி டாலருக்குப் பக்கத்தில் வசூலானது. 1989க்குள் எட்டுப் பாகங்கள் வந்துவிட்டன. எனக்கு அந்தத் தொடர் பிடிக்காது, அதனால் அதோடு விடுகிறேன்.

ஜூலையில் வந்த 'ஏர்பிளேன்!' வேறு ரகம். 1957இல் பாரமவுண்டே வெளியிட்ட 'ஸீரோ அவர்!' என்ற மிக சீரியஸான விமானப் படத்தின் கதையை வாங்கி, பல வசனங்களை அப்படியே வைத்துக்கொண்டு நகைச்சுவையாக்கியிருந்தார்கள். அந்த மூலக்கதையும் கனடா டிவி நாடகம் ஒன்றிலிருந்து வந்ததுதான். சுமார் 35 லட்சம் டாலர் செலவு. அமெரிக்காவில் 8 கோடிக்கு மேல் வரவு. இதில் நான் மிகவும் ரசிப்பது நடிகர் தேர்வு. லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக், பீட்டர் கிரேவ்ஸ், லாயிட் பிரிட்ஜஸ் எல்லோரும் டிவியில் விறைப்பான வேடங்களுக்குப் பேர்போனவர்கள். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் அபத்தமான வசனங்களைச் சொல்ல வைத்தார்கள். இயக்கிய மூவரும் அடுத்து நீல்சனை வைத்து 'போலீஸ் ஸ்குவாட்!' என்ற டிவி தொடர் எடுத்தார்கள். அது 6 அத்தியாயங்களோடு நின்றுபோனது. அதே போலீஸ்காரர் 1988இல் 'த நேக்கட் கன்' ஆகத் திரைக்கு வந்தபோது பெரிய வெற்றி.

ஆனால் என் வாதத்துக்கு முழு ஆதாரம் 'ஸ்டார் ட்ரெக் 2: த ராத் ஆஃப் கான்' (1982). 1960களின் விண்வெளி டிவி தொடர் ஒன்றை வைத்து 1979இல் வந்த முதல் படத்துக்கு ஏறக்குறைய நாலரைக் கோடி டாலர் செலவானது. படம் லாபம்தான், ஆனாலும் அந்தக் கணக்கு ஸ்டுடியோவுக்குக் கசந்தது. அடுத்த பாகத்தைத் தங்கள் டிவி பிரிவிடம் ஒப்படைத்தார்கள். பொறுப்பேற்ற ஹார்வ் பென்னட் 'த சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' தொடரைத் தயாரித்தவர். அவர் ஸ்டார் ட்ரெக்கைக் கரைத்துக் குடித்த ரசிகர் இல்லை. அதனால் பழைய தொடரின் 79 அத்தியாயங்களையும் உட்கார்ந்து பார்த்து, 1967இல் ஒளிபரப்பான 'ஸ்பேஸ் சீட்' என்ற ஒன்றிலிருந்து கான் என்ற வில்லனைத் திரும்பக் கொண்டுவந்தார். நிக்கலஸ் மேயர் 12 நாளில் திரைக்கதையைத் திருத்தி எழுதி, படத்தையும் இயக்கினார்.

செலவு முதல் படத்தில் நாலில் ஒரு பங்கு, சுமார் 1.1 கோடி டாலர். முதல் படத்தின் செட்டுகள், விண்கல மாதிரிகள், சில காட்சித் துண்டுகள் கூடத் திரும்பப் பயன்பட்டன. நாயகன் கிர்க்கின் விண்கலக் கட்டுப்பாட்டு அறையும் கானின் விண்கலக் கட்டுப்பாட்டு அறையும் ஒரே செட். நாற்காலிகளை மாற்றிப் போட்டு எடுத்தார்கள். கானாக நடித்த ரிக்கார்டோ மோன்டல்பான் அப்போது 'ஃபேன்டசி ஐலண்ட்' டிவி தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். இருவர் காட்சிகளையும் தனித்தனியாகத்தான் எடுத்தார்கள். ஆக, நாயகனும் வில்லனும் நேருக்கு நேர் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. திரை வழியாகத்தான் மோதுகிறார்கள். பார்க்கும்போது இது ஒரு குறையாகவே தோன்றாது. இரண்டு கப்பல்கள் மேகத்துக்குள் ஒன்றையொன்று தேடும் அந்தக் கடைசி அரைமணி நேரத்தில், பணத்தட்டுப்பாடே படத்துக்கு உரமாகியிருக்கிறது என்பேன். முதல் வார இறுதியில் 1.43 கோடி டாலர் வசூல். அன்றைக்கு அது சாதனை. படத்தில் ஒரு உயிரற்ற கோள் உயிர்பெறும் ஒரு நிமிடக் காட்சி முழுக்கக் கணினியில் உருவானது. அதைச் செய்த லூகாஸ்ஃபிலிம் கணினிக் குழுதான் 1986இல் பிக்சார் நிறுவனமாகப் பிரிந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் படத்தின் வீடியோ கேசட்டை பாரமவுண்ட் 39.95 டாலருக்கு விற்றது. அப்போது ஒரு கேசட் சுமார் 80 டாலர். வாடகைக் கடைகள் மட்டுமே வாங்கும். பாதி விலைக்குக் கொடுத்தால் குடும்பங்களே வாங்கும் என்று கணக்குப் போட்டார்கள், அது பலித்தது. 1987இல் 'டாப் கன்' கேசட்டை, முன்னால் டயட் பெப்சி விளம்பரம் ஒன்றைச் சேர்த்து, 26.95 டாலருக்கு இறக்கினார்கள்.

'டாப் கன்' என்றதும் விளம்பரக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். டான் சிம்ப்சன் பாரமவுண்டிலேயே தயாரிப்புப் பிரிவை நடத்திவிட்டுத் தயாரிப்பாளரானவர். அவரோடு சேர்ந்த ஜெர்ரி ப்ரக்ஹைமர் டிவி விளம்பரங்கள் எடுத்தவர். இயக்குநர்களையும் பிரிட்டிஷ் விளம்பர உலகிலிருந்தே பிடித்தார்கள். ஏட்ரியன் லைன் 'ஃப்ளாஷ்டான்ஸ்' (1983) எடுத்தார்; இசைச் சேனலான எம்டிவி வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில், படமே பாட்டு வீடியோக்களைக் கோத்தது போல இருந்தது. டோனி ஸ்காட் ஒரு ஜெட் விமானத்தோடு சாப் கார் போட்டிபோடும் விளம்பரம் எடுத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் 'டாப் கன்' அவரிடம் போனது. விமானங்களுக்கும் போர்க்கப்பலுக்கும் அமெரிக்க ராணுவத்துக்குச் சுமார் 18 லட்சம் டாலர் கட்டணம் செலுத்தினார்கள். 1986இல் அமெரிக்காவில் அதிகம் வசூலித்த படம் அதுதான். கதை மெலிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் ஐந்து நிமிடம், விடியலில் விமானம் தாங்கிக் கப்பலின் தளத்தில் புகையும் ஆட்களும் நகரும் காட்சி, நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதது.

அதே வருடம் அமெரிக்க வசூலில் முதல் ஐந்தில் மூன்று பாரமவுண்ட் வெளியீடுகள்: 'டாப் கன்', ஆஸ்திரேலியப் படமான 'க்ரொக்கடைல் டண்டீ', திமிங்கிலங்களைக் காப்பாற்றும் 'ஸ்டார் ட்ரெக் 4'.

எடி மர்ஃபியும் டிவி தந்தவர்தான். 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் இருந்தபோதே '48 ஹவர்ஸ்' (1982) படத்தில் அறிமுகமானார்; வயது 21. 'பெவர்லி ஹில்ஸ் காப்' (1984) முதலில் ஸில்வெஸ்டர் ஸ்டலோனுக்குப் போன படம். அவர் அதைச் சண்டைப் படமாக மாற்றி எழுதினார், செலவு எகிறும் என்று தெரிந்தது, படப்பிடிப்புக்குச் சில நாட்களே இருக்கும்போது விலகினார். மர்ஃபி வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் மட்டும் 23.4 கோடி டாலர்.

வெறும் வசூல் படங்கள் மட்டும்தானா என்றால் இல்லை. ராபர்ட் ரெட்ஃபோர்ட் முதல்முறையாக இயக்கிய 'ஆர்டினரி பீப்பிள்' 1980இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. 1983இல் 'டெர்ம்ஸ் ஆஃப் எண்டியர்மென்ட்' அதே விருதை வென்றது. அதை எழுதி இயக்கிய ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ் 'த மேரி டைலர் மூர் ஷோ', 'டாக்ஸி' தொடர்களை உருவாக்கியவர்களில் ஒருவர். தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் சின்னச் சின்னச் சண்டைகளை அவ்வளவு இயல்பாக எழுத, வருடக்கணக்கில் வாராவாரம் வீட்டுக் கதைகள் எழுதிய கை வேண்டியிருந்தது.

டிவி வரிசையில் சேராத பெரிய படங்களும் உண்டு. 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' (1981) ஜார்ஜ் லூகாஸ் வைத்த கடுமையான நிபந்தனைகளால் மற்ற ஸ்டுடியோக்கள் தயங்கிய படம், பாரமவுண்ட் துணிந்தது. அதன் அடுத்த பாகம் 'டெம்பிள் ஆஃப் டூம்' (1984) நமக்குத் தெரிந்த மண்ணில் எடுக்கப்பட்டது. இந்திய அரசு திரைக்கதையில் மாற்றங்கள் கேட்டதால், 1983இல் படக்குழு இலங்கையின் கண்டிக்குப் போனது. இந்தியக் கிராமம் என்று காட்டப்படும் ஊரில் மக்கள் சிங்களம் பேசுவது காதில் விழும். பெரியவராக வருபவர் சிங்கள நடிகர் டி. ஆர். நாணயக்கார. தொங்குபாலம் கட்டியதும் கண்டிக்கு அருகில்தான், அங்கே அணை வேலையில் இருந்த பிரிட்டிஷ் பொறியாளர்களின் உதவியோடு. அம்ரீஷ் பூரி அதில் பயங்கரமான வில்லன். ஆனால் காளி வழிபாட்டை நரபலிக் கூட்டமாகவும், அரண்மனை விருந்தைக் குரங்கு மூளையாகவும் காட்டியதை நான் இன்றுவரை ஏற்கவில்லை. படத்துக்கு இந்தியாவில் கொஞ்ச காலம் தடையும் இருந்தது. அமெரிக்காவிலும் அதன் வன்முறை சர்ச்சையாகி, அதே 1984 ஜூலையில் பிஜி-13 என்ற புதுத் தணிக்கைப் பிரிவு வரக் காரணமானது.

இனி கசப்பான பக்கம். 1983 பிப்ரவரியில் தாய் நிறுவனமான கல்ஃப் அண்ட் வெஸ்டர்னின் தலைவர் சார்லஸ் ப்ளூடோர்ன் இறந்தார். அடுத்து வந்த மார்ட்டின் டேவிஸுக்கும் டில்லர் அணிக்கும் ஒத்துப்போகவில்லை. 1984 முடிவதற்குள் டில்லர் ஃபாக்ஸுக்கும், ஐஸ்னரும் அவர்கள் அணியின் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க்கும் டிஸ்னிக்கும் போய்விட்டார்கள். விநியோகப் பிரிவில் வளர்ந்த ஃப்ராங்க் மான்குசோ தலைவரானார். வசூல் குறையவில்லை; நான் மேலே சொன்ன 1986 அவர் காலத்தில்தான். ஆனால் பாகம் 2, பாகம் 3 என்று எடுக்கும் பழக்கம் வலுத்துவிட்டது. போனவர்கள் அதே சூத்திரத்தை டிஸ்னியில் ஓட்டினார்கள். 1987இல் அமெரிக்க வசூலில் முதலிடம் டிஸ்னியின் 'த்ரீ மென் அண்ட் அ பேபி'க்கு, இரண்டாமிடம் பாரமவுண்டின் 'ஃபேட்டல் அட்ராக்ஷ'னுக்கு. முதலிடப் படத்தை இயக்கியவர் ஸ்டார் ட்ரெக்கில் ஸ்பாக் வேடத்தில் நடித்த பாரமவுண்டின் சொந்த ஆள், லெனர்ட் நிமாய்.

கணக்கு வழக்கிலும் ஒரு கறை உண்டு. 'கமிங் டு அமெரிக்கா' (1988) உலகம் முழுக்க 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அது தன் கதைச் சுருக்கத்திலிருந்து வந்தது என்று பத்தி எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் வழக்குப் போட்டார். அவர் பக்கம் நியாயம் என்று 1990இல் நீதிமன்றம் சொன்னது. அப்போது பாரமவுண்ட் என்ன சொன்னது தெரியுமா? ஒப்பந்தப்படி படத்தில் நிகர லாபமே இல்லையாம்! நீதிபதி அந்தக் கணக்கு முறையை மனசாட்சிக்கு ஒவ்வாதது என்றார். 1992இல் புக்வால்டுக்கு 1.5 லட்சம் டாலரும் அவருடைய தயாரிப்பாளருக்கு 7.5 லட்சமும் தரச் சொன்னார்கள். எழுதுபவர்கள் யாராக இருந்தாலும், லாபத்தில் பங்கு என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

சரி, எதைப் பார்ப்பது? சிரிக்க 'ஏர்பிளேன்!'. அழ 'டெர்ம்ஸ் ஆஃப் எண்டியர்மென்ட்'. ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் பீட்டர் வியர் இயக்கிய 'விட்னஸ்' (1985): நகரத்துப் போலீஸ்காரர் ஒருவர், நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் கிராமத்தில் ஒளிந்து வாழும் கதை. ஊரே கூடிக் களஞ்சியம் கட்டும் காட்சியில் பேச்சு மிகக் குறைவு, ஆனால் காதல், சந்தேகம், உழைப்பு எல்லாம் பார்வைகளிலேயே நடந்து முடிகிறது. திரைக்கதைக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஹாரிசன் ஃபோர்டின் ஆகச் சிறந்த நடிப்பும் இதுதான் என்பேன்.

'த ராத் ஆஃப் கான்' பார்ப்பதானால் ஒரு வேண்டுகோள்: 1979 படத்தைத் தாண்டிவிடலாம், நஷ்டமில்லை. அதற்குப் பதில் 'ஸ்பேஸ் சீட்' அத்தியாயத்தை முந்தின நாள் பார்த்துவிட்டு உட்காருங்கள்.