முகாந்திரமும் தீர்ப்பும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் காவல்துறை பற்றிய உங்கள் கட்டுரையில் பிரியானா டெய்லரின் சாவைக் குறிப்பிட்டிருந்தீர்கள். லூயிவில் நகரில் 2020 மார்ச் மாதம் நள்ளிரவுக்குப் பின் வீட்டுக்குள் புகுந்த போலீசார் சுட்டதில் அவர் இறந்தார். அந்தச் சாவுக்காக, குடிமக்கள் 12 பேர் கொண்ட கிராண்ட் ஜூரி யார் மீதும் குற்றம் சாட்டவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். விசாரணையே நடக்காமல் 12 பேர் கூடிப் போலீசாரை நிரபராதிகள் என்று எப்படித் தீர்ப்பளிக்க முடியும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்த 12 பேர் அப்படித் தீர்ப்பளிக்கவில்லை. அதற்கான அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போதிய முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டுமே கிராண்ட் ஜூரி பார்க்கிறது. குற்றம் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டதா என்று பார்ப்பது பின்னால் வரும் விசாரணை ஜூரியின் வேலை. கடுமையான ஒன்றிய அரசு வழக்குகளில் கிராண்ட் ஜூரியின் ஒப்புதல் வேண்டும் என்பது 1791 முதல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 16 முதல் 23 குடிமக்கள் கொண்ட அக்குழுவில் 12 பேராவது இசைய வேண்டும். மாநிலங்களின் விதி வேறு. கென்டக்கியில் 12 பேரில் 9 பேர் போதும்.

அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் இம்முறை விளங்கும். ஒன்றிய அரசு வழக்குகளில் அங்கே நீதிபதி இருப்பதில்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அனுமதியும் இல்லை. அரசு வழக்கறிஞரே சாட்சிகளை அழைத்து, அவரே கேள்வி கேட்டு, அவரே சட்டத்தையும் விளக்குகிறார். பிறர் சொல்லக் கேட்ட செவிவழிச் சாட்சியத்தை மட்டும் வைத்துக்கூடக் குற்றம் சாட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 1956இல் கூறியது. குற்றம் சாட்டப்படுபவருக்குச் சாதகமான சான்றைக் காட்டும் கடமை அரசு வழக்கறிஞருக்கு இல்லை என்று 1992இல் கூறியது. ஜூரர்கள் கேள்வி கேட்கலாம், வாக்களிக்கும்போது தனியாகவும் இருக்கிறார்கள். ஆனால் சட்டம் படிக்காத அவர்கள், தங்களுக்குக் காட்டப்பட்டதை வைத்துத்தானே முடிவெடுக்க முடியும்? 2010இல் ஒன்றிய அரசு வழக்கறிஞர்கள் நடத்திய வழக்குகள் சுமார் 1,62,000. கிராண்ட் ஜூரி மறுத்தவை வெறும் 11.

மன்னராட்சியின் பொய் வழக்குகளிலிருந்து குடிமக்களைக் காக்கும் அரணாக இம்முறை போற்றப்பட்டது, அதற்குக் காரணமும் இருந்தது. 1734இல், ஆளுநரை விமர்சித்த பத்திரிகையை அச்சிட்ட ஜான் பீட்டர் செங்கர் மீது குற்றம் சாட்ட நியூயார்க் கிராண்ட் ஜூரி மறுத்தது. அத்தகைய மறுப்பு பின்னாளில் மிக அரிதாகிவிட்டது.

லூயிவிலில் நடந்ததை இனிப் பாருங்கள். 2020 செப்டம்பர் 23 அன்று பிரெட் ஹேன்கிசன் என்ற ஒரே அதிகாரி மீது குற்றம் சாட்டப்பட்டது, அதுவும் அவர் சுட்ட குண்டுகள் பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்து அங்கிருந்தவர்களின் உயிருக்கு ஆபத்து விளைவித்ததற்காக. வீட்டுக்குள்ளிருந்து சுடப்பட்டதும் மற்ற இரு போலீசாரும் திருப்பிச் சுட்டது நியாயமே என்பதைக் கிராண்ட் ஜூரியும் ஏற்றுக்கொண்டதாக, மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் டேனியல் கேமரன் அறிவித்தார். சில நாட்களில் ஜூரர் ஒருவர், நடந்ததைப் பேச அனுமதி கேட்டு, தம் பெயரை வெளியிடாமல் நீதிமன்றத்தை அணுகினார். அக்டோபரில் அனுமதி கிடைத்ததும் அவர் சொன்னது இதுதான்: கொலைக் குற்றங்கள் பற்றிய சட்டம் தங்களுக்கு விளக்கப்படவே இல்லை; வேறு குற்றச்சாட்டுகள் உண்டா என்று கேட்டபோது, அவை நீதிமன்றத்தில் நிற்காது என்று அரசு வழக்கறிஞர்கள் கருதுவதால் இல்லை என்ற பதிலே வந்தது. ஜூரர்களிடம் கேட்கப்படாத கேள்விக்கு அவர்கள் விடை சொல்லிவிட்டதாகக் கேமரன் ஊரறிய அறிவித்ததை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எவை நிற்கும் என்று கணிப்பது அரசு வழக்கறிஞரின் உரிமை. ஆனால் அந்த முடிவைத் தம் பெயரில் ஏற்கும் பொறுப்பும் அவருடையதே.

கிராண்ட் ஜூரியின் மறுப்பு விடுதலைத் தீர்ப்பாகாது என்பதால், இன்னொரு கிராண்ட் ஜூரியின் முன் அதே சம்பவத்தைக் கொண்டுசெல்லத் தடையில்லை. 2022இல் ஒன்றிய அரசு அதைத்தான் செய்தது. இம்முறை டெய்லரின் உரிமைகளை மீறியதாகவும் ஹேன்கிசன் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2024 நவம்பரில் விசாரணை ஜூரி அந்தக் குற்றச்சாட்டில் அவரைக் குற்றவாளி என்றது.