மகன் விமானம் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மாணவர் விசாவில் விமானி பயிற்சி பெறும் என் மகன், மணிக்கணக்கு வாடகை ஏறிக்கொண்டே போகிறது, பழைய செஸ்னா 172 (நான்கு இருக்கை சிறு விமானம்) ஒன்றை வாங்கி ஓட்டிவிட்டு அப்புறம் விற்றுவிடலாம் என்கிறான். சரிப்படுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் சட்டம், அம்மா. குடிமகனோ நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவரோ அல்லாதவர் அங்கே தன் பெயரில் விமானத்தைப் பதிய முடியாது. அவருக்காக விமானத்தைத் தன் பெயரில் பதிந்துகொள்ளும் டிரஸ்ட் மூலம் வழியுண்டு, அதற்கும் செலவு.

பழையதும் மலிவில்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்குப் பயந்து செஸ்னா நிறுவனம் 1986-இல் இந்த ரகத் தயாரிப்பையே நிறுத்தியது. 1996-இல்தான் மறுபடி தொடங்கியது. அதனால் ஐம்பது வயது விமானத்துக்கும் போட்டி.

பயிற்சிப் பள்ளி கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுக்கும் தன் விமானத்துக்கு, 100 மணி நேரம் ஓடியதும் ஒருமுறை சோதனை கட்டாயம். சொந்தமென்றால் வருடாந்தரச் சோதனை போதும். அந்த மிச்சத்தை எஞ்சின் விழுங்கிவிடும். சுமார் 2,000 மணி ஓடியதும் முழுதாகப் பிரித்துச் செப்பனிட வேண்டும்.

பட்டறையில் நான் முதலில் செய்வது இது: சிலிண்டருக்குள் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட்டு, புகைக்குழாயில் காதை வைப்பேன். ‘உஸ்’ என்றால் வால்வு கசிகிறது. அதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.