என்சைக்ளோபீடியா பிரவுன் கதைகளில் விடையை ஏன் புத்தகத்தின் கடைசியில் வைத்திருக்கிறார்கள்?

படிக்கும் குழந்தையே வழக்கைத் தீர்க்க வேண்டும் என்பதற்காகத்தான். டொனால்ட் சோபல் எழுதிய இந்தச் சிறுவர் துப்பறியும் கதைத் தொடரின் முதல் புத்தகம் 1963இல் வந்தது. துப்பறியும் சிறுவன் பிரவுனுக்குப் பத்து வயது. அப்பா ஊரின் போலீஸ் தலைவர். வீட்டு கராஜில் துப்பறியும் அலுவலகம், கட்டணம் ஒரு நாளைக்கு 25 சென்ட். ஒரு புத்தகத்தில் சுமார் பத்துக் குட்டிக் கதைகள். துப்பு முழுவதும் கதைக்குள்ளேயே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது வாள் கதை. அக்கம்பக்கத்துப் பையன்களை ஏமாற்றியே பழகிய பக்ஸ் மீனி, ஒரு பழைய வாளைக் காட்டி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதி ஜாக்சனுக்கு அவர் வீரர்கள் பரிசளித்தது என்கிறான். வாளில் ‘முதல் புல் ரன் போர்’ என்றும், பரிசளித்த நாள் 1861 ஆகஸ்ட் என்றும் பொறித்திருக்கிறது. புல் ரன் என்ற அதே இடத்தில் இரண்டாவது போர் நடந்தது 1862இல். அப்படியிருக்க, 1861இல் அதை ‘முதல்’ போர் என்று யார் சொல்லியிருக்க முடியும்? அதோடு, வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய அந்த உள்நாட்டுப் போரில் ஜாக்சன் தெற்குப் படையைச் சேர்ந்தவர். தெற்கத்தியர்கள் அதைப் புல் ரன் போர் என்று சொல்லாமல் மனாசஸ் போர் என்றே அழைத்தார்கள். ஆக, வாள் போலி.

சில கதைகளின் விடைக்கு இப்படி அமெரிக்க வரலாறு தெரிந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது நியாயமில்லை. ஆகவே அந்தப் பின்னணியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம் விடைப் பக்கத்தைத் திருப்ப அவசரப்படுத்தாதீர்கள். கதையை இரண்டாம் முறை படிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அப்போதுதான் துப்பு கண்ணில் படும்.