கை கட்டினால் மனதை மூடிக்கொள்கிறீர்கள் என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 24. வங்கி அதிகாரி பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறியும் இரண்டு முறை நேர்முகத் தேர்வில் தவறவிட்டேன். பெரியவர்கள் முன்னால் என்னை அறியாமல் தலை குனிந்துவிடும், கை கட்டிக்கொள்வேன். "கண்ணைப் பார்க்காதவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம், கை கட்டினால் மனதை மூடிக்கொள்கிறார் என்று அர்த்தம்" என்கிறார் ஒரு பயிற்சியாளர். பத்து நாள் வகுப்புக்கு 18,000 ரூபாயாம். அம்மா சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார். சேரலாமா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

சேர வேண்டாம் அம்மா. சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும்.

கை கட்டுவதற்கு அவர் சொன்ன அர்த்தம் வெளிநாட்டுப் புத்தகங்களில் இருப்பது. நம் ஊரில் கை கட்டி நிற்பது பணிவு. ஆசிரியர் முன்னால் அப்படித்தான் நின்றோம். பல குடும்பங்களில் அது தலைமுறை தலைமுறையாகக் கட்டாயப்படுத்தப்பட்ட பணிவும்கூட. அதை உங்கள் குணக்கேடு என்று ஒருவர் காசு வாங்கிக்கொண்டு சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கண்ணைப் பார்க்காதவர் பொய்யர் என்பதும் தவறு. யோசிக்கும்போது எல்லோருக்கும் பார்வை விலகும். ஒருவர் பொய் சொல்கிறாரா என்று பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா என்பது பற்றிய இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2006ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 100க்கு 54தான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும்.

இந்த மாதிரி வகுப்புகளில் இன்னொன்றும் சொல்வார்கள்: "பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93ம் உடல்மொழியும் குரலும்." 1967ல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த இரண்டு சிறிய சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் சொல்லி, முகப் படத்தையும் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள், அவ்வளவுதான். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். இந்தக் கணக்கைச் சொல்லி யார் கட்டணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? எதிரே இருப்பவர் வேறு மாநிலத்துக்காரராக இருக்கலாம், நம் பணிவு அவருக்குப் புரியாமல் போகலாம். அதனால் முதுகு நாற்காலியில் படும்படி உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில், கைகள் மடியில் இருக்கட்டும். கேள்வி கேட்பவரின் புருவ மத்தியைப் பாருங்கள், போதும். கடைசி நாற்காலிவரை கேட்கிற குரலில் பேசுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண், பேசி முடிப்பதற்குள் துப்பட்டா நுனியைத் திரி மாதிரி முறுக்கிவிட்டாள். அவள் அப்பா வாங்கிய பயிர்க்கடன் பற்றிக் கேட்டேன். தவணை, வட்டி, நகை மீட்ட கதை என்று மளமளவென்று சொன்னாள். துப்பட்டா தானாகக் கைவிட்டுப் போயிருந்தது. தெரிந்த விஷயத்தைப் பேசும்போது கை அடங்கிவிடுகிறது. அதனால் போனைச் சாய்த்து வைத்து, தெரிந்த பாடத்தைப் பற்றித் தினமும் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். தெருவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் யாராவது இருந்தால் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தேர்வு நாளில் கை நடுங்கினால் அது பதற்றம். வீட்டில் சும்மா இருக்கும்போதும் விரல் நடுங்குகிறதா? கையை நீட்டி, மேலே ஒரு தாளை வைத்துப் பாருங்கள், தாள் ஆடும். கூடவே நெஞ்சு படபடப்பு, வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது என்று இருந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். இளம்பெண்களுக்கு இது வருவதுண்டு. எந்தப் பயிற்சியாலும் அந்த நடுக்கம் நிற்காது. டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரைப் பாருங்கள். இதைப் பதற்றம் என்று நினைத்துப் பல மாதம் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நேர்முகத் தேர்வுக்கு இரவெல்லாம் பேருந்தில் வந்த பிள்ளையை நாள் முழுக்க வராந்தாவில் உட்கார வைத்து, கால் மணி நேரத்தில் எடை போடுகிறார்கள். எதனால் மதிப்பெண் குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்டவர்கள் கடை விரிக்கிறார்கள்.

பல அரசு வங்கிகளுக்குச் சேர்த்து நடக்கும் பொதுத் தேர்வில் (ஐ.பி.பி.எஸ்.) இறுதிக் கணக்கு 80:20. எழுத்துத் தேர்வுக்குத்தான் 80. அடுத்த முறை அதில் சில மதிப்பெண் கூட்டப் பாருங்கள். வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தால், ரசீதைக் காட்டி இந்த வாரமே திரும்பக் கேளுங்கள்.