உறையைப் பிரிக்கலாமா?

கேள்வி: லண்டனில் வேலை பார்த்த ஐயா, 1970, 1971ஆம் ஆண்டுகளின் பிரித்தானிய நாணயத் தொகுதிகளையும் கனடாவின் 1967 தொகுதி ஒன்றையும் எங்களுக்கு விட்டுப் போயிருக்கிறார். அவற்றை வெளியே எடுத்து அல்பத்தில் அடுக்க மகன் ஆசைப்படுகிறான். கனடாவில் இருக்கும் மைத்துனரோ, "உறையைப் பிரித்தால் பெறுமதி போய்விடும், தொடவே வேண்டாம்" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, கொக்குவில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மைத்துனர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் "தொடவே வேண்டாம்" என்பதை நான் ஏற்கமாட்டேன். உறை வந்தது நாணயத்தைக் காக்க. காக்கும்வரை இருக்கட்டும். அதுவே நாணயத்தைக் கெடுக்கத் தொடங்கினால் நாணயத்தைத்தான் காப்பாற்ற வேண்டும்.

பிரித்தானியத் தொகுதிகள் இரண்டையும் பிரிக்காதீர்கள். 1971 பெப்ரவரி 15இல் அந்நாடு, ஒரு பவுணுக்கு நூறு பென்ஸ் என்ற தசம நாணயத்துக்கு மாறியது. 1970 தொகுதி அதற்கு முந்திய பென்ஸ், ஷில்லிங் கணக்கின் விடைபெறும் தொகுதி. அதிலுள்ள எட்டு நாணயங்களும் கடையில் கொடுத்து வாங்க அடித்தவை அல்ல, சேகரிப்போருக்கென்றே அடித்தவை. இப்படிக் கண்ணாடிபோல மின்ன அடித்த நாணயத்தை 'புரூஃப்' என்பார்கள்; அதில் விரல் பட்டால், வியர்வையும் எண்ணெயும் மெல்ல உலோகத்தை அரித்து ரேகையாகப் பதிந்துவிடும். அப்புறம் அது போகாது. இவை ஏராளமாக வெளியானவை, விலையும் பெரிதில்லை. அதனாலேயே வாங்குபவர் பெட்டியோடு முழுத்தொகுதியைத்தான் கேட்பார். வெளி அட்டையையும் எறியாதீர்கள்.

கனடாத் தொகுதியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். கனடா கூட்டாட்சியாகி நூறு ஆண்டானதற்காக வந்த அழகான தொகுதி அது. ஒரு டொலரில் பறக்கும் வாத்து, ஐந்து சதத்தில் முயல், ஒரு சதத்தில் புறா. டொலர் 80 வீதம் வெள்ளி. பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளி மஞ்சளாகவோ கபிலமாகவோ மாறியிருந்தால் பயம் வேண்டாம். காற்றிலுள்ள கந்தகத்தால் வரும் நிறம் அது, அப்படியே விடுங்கள். பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதும் தெரிந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அப்படியே படம் எடுத்து வைத்துவிட்டு, உறையை ஓரத்தில் வெட்டி, நாணயத்தின் விளிம்பைப் பிடித்து எடுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் சுத்தமான அசற்றோன் என்ற கரைப்பானில் சிறிது நேரம் ஊறவைத்தால் அந்தப் படிவு கரையும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். அசற்றோன் சட்டென்று தீப்பற்றும், அடுப்படிக்குக் கிட்டப் போகாதீர்கள். வெட்டிய உறையையும் எறியாமல் நாணயங்களோடு வைத்திருங்கள்.

இந்தப் பச்சைக்குப் பெரும்பாலும் காரணம் மென்மையான பீ.வீ.சீ. பிளாஸ்டிக். மகன் வாங்க நினைக்கும் அல்பத்தை மோந்து பாருங்கள். புது மழைக்கோட்டின் மணம் வந்தால் வாங்க வேண்டாம். மைலார் அல்லது பொலிப்புரொப்பிலீன் தாள் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிறோம், வெள்ளிக் கிண்ணத்தை விபூதியால் தேய்க்கிறோம். அதே அன்போடு யாராவது இந்த நாணயங்களையும் "பளிச்" ஆக்கிவிடக் கூடாது! புளியின் அமிலம் மேற்பரப்பைத் தின்னும், விபூதி கீறும். உறை போனதால் வரும் நட்டத்தை விட இது பல மடங்கு பெரிய நட்டம், திருத்தவே முடியாது. வீட்டில் எல்லோரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.

யாழ்ப்பாணத்து உப்புக் காற்றுக்கும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கும் இறுக மூடும் பெட்டி ஒன்று போதும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். றபர் பான்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு.

சரி, மகனின் ஆசை? அதைத் தடுக்காதீர்கள். பழைய இலங்கைச் சதங்களைத் தேடிக் கொடுங்கள். வளைவு வளைவான விளிம்புள்ள இரண்டு சதம், பத்துச் சதம், சதுரமான ஐந்து சதம் எல்லாம் இன்னும் பல வீட்டு லாச்சிகளில் கிடக்கின்றன. பலர் கைபட்டுப் புழங்கியவை என்பதால் அவன் எடுத்துப் பார்க்கலாம், ஆண்டு வாரியாக அடுக்கலாம், அல்பமும் நிறையும். ஐயாவின் தொகுதிகளை உறையோடு நீங்கள் எடுத்துக் காட்டுங்கள்.