சர்வரை நிறுத்தினால் பாக்கி வருமா?

கேள்வி (சுருக்கம்): கோவையில் தனி ஆளாக மென்பொருள் செய்து கொடுக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்குத் துணி இருப்பு, சாயப்பட்டறை டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சீட்டு), கட்டிங், பேக்கிங், பில், சம்பளம் எல்லாம் ஒரே இடத்தில் வரும்படி செய்து தர 12 லட்சத்துக்குப் பேசினோம். நான் கொடுத்த இரண்டு பக்கக் கொட்டேஷனும், அதற்குச் சரி என்று அவர்கள் அனுப்பிய மெயிலும்தான் ஒப்பந்தம். தினமும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னதால் ஆறு மாத வேலை பதினான்கு மாதம் ஆனது. 7 லட்சம் வந்தது. லைவ் ஆனதும், அதாவது பயன்பாட்டுக்கு வந்ததும், தர வேண்டிய 3 லட்சத்துக்குப் பில் போட்டு ஏழு மாதம் ஆகிறது, வரவில்லை. ஜிஎஸ்டி 54,000 ரூபாயை என் கையிலிருந்து கட்டினேன். சம்பளப் பகுதி முடியாததால் அதற்கான 2 லட்சம் நிற்கிறது. கூடுதல் வேலைக்கு 2.5 லட்சம் கேட்டேன். முதலாளியின் மகன் ஊழியர்கள் முன்னால் என்னைத் திட்டினார். இப்போது, என் தாமதத்தால் சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தது என்று 18 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார்கள். சர்வர் என் பெயரில், என் கார்டில் ஓடுகிறது. நிறுத்திவிடலாமா? போன மாதம் உத்யம் (சிறு தொழில்) பதிவும் செய்துவிட்டேன். பணமே தராமல் டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) மட்டும் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள், இது அநியாயம் இல்லையா?

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம். முதல் மூன்றரைப் பக்கம் யார் யாரை என்ன சொன்னார் என்பது. மகன் திட்டியதை எந்த நீதிமன்றமும் கேட்கப்போவதில்லை. கேஸுக்கு வேண்டிய ஒரே விஷயத்தைக் கடைசி வரியில் புகாராக எழுதியிருக்கிறீர்கள்: அந்த டிடிஎஸ்.

வேலை சரியில்லை, பில் செல்லாது என்று நினைக்கும் நிறுவனம் அந்தப் பில்லைக் கணக்கில் ஏற்றாது. ஏற்றியதால்தான் வரி பிடித்திருக்கிறார்கள், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வந்திருக்கிறது. அதை இன்றே டவுன்லோடு செய்யுங்கள். டிடிஎஸ் மட்டும் வைத்துக் கடனை ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது என்ற தீர்ப்புகளும் உண்டு. ஆனால் நீங்கள் அது மட்டும் வைத்திருக்கவில்லை. ஏழு மாதமாகத் தினமும் அந்த மென்பொருளில்தான் அவர்கள் டிசி போடுகிறார்கள், பில் அடிக்கிறார்கள். ‘சைன் ஆஃப் (வேலையை ஏற்றதாக எழுத்தில் ஒப்புதல்) தரவில்லை’ என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். லைவாக ஓட்டிக்கொண்டே ஏற்கவில்லை என்று சொல்வது அவர்களுக்குத்தான் சிரமம்.

தாமதத்துக்கும் பதில் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, தாமதமாக வந்ததை ஏற்றுக்கொள்ளும்போதே ‘இதற்கு நஷ்ட ஈடு கேட்பேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஏழு மாதம் பயன்படுத்திவிட்டு, நீங்கள் பாக்கி கேட்ட பிறகு சொல்வது வேறு. விமானச் செலவையும் ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு), பையர் மெயில் வைத்து நிரூபிக்க வேண்டும். அது சாயம் தாமதமானதால் வந்ததா, உங்கள் மென்பொருளால் வந்ததா என்றும் காட்ட வேண்டும். எதிர்க்கோரிக்கை போட்டால் 18 லட்சத்துக்கு 3 சதவீதக் கோர்ட் ஃபீஸ், அதாவது 54,000 அவர்களும் கட்ட வேண்டும். உங்கள் ஜிஎஸ்டி தொகையேதான், வேடிக்கை.

சரி, சர்வருக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்கள் விழுவது இந்தக் குழியில்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார். உங்களைப் போலவே பாக்கி, உங்களைப் போலவே கோபம். வெள்ளிக்கிழமை ராத்திரி அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, ‘பணம் போட்டால் திறக்கும்’ என்று வாட்ஸ்அப் அனுப்பினார். சனிக்கிழமை குடோனில் லாரி நிற்கிறது, டிசி வரவில்லை. திங்கட்கிழமை இவருக்குச் சைபர் கிரைமிலிருந்து போன். நியாயமாக வரவேண்டிய எட்டு லட்சம் பாக்கி, அன்றிலிருந்து இவர் மேல் கிரிமினல் கேஸ் ஆனது. கடைசியில் புகாரை முடிக்க வேண்டும் என்பதற்காகப் பாக்கியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். லேப்டாப் திரும்பக் கைக்கு வரவே பல மாதம். அந்த வாட்ஸ்அப் மெசேஜ்தான் புகாரில் முதல் ஆவணம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் கணினியை முடக்குவதையும், அணுக உரிமையுள்ளவரைத் தடுப்பதையும், தகவலை அழிப்பதையும் சொல்கிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். ‘என் பணத்தைத்தானே கேட்டேன், நேர்மையற்ற எண்ணம் எங்கே’ என்பீர்கள். நல்ல வாதம்தான். ஆனால் எஃப்ஐஆர், விசாரணை எல்லாம் தாண்டி, ட்ரையலில் எடுபட வேண்டிய வாதம். அதுவரை உங்கள் மற்ற கிளையன்டுகள் காத்திருப்பார்களா?

‘சர்வர் என் பெயரில்’ என்பது உங்களுக்குக் கொஞ்சம் பலம், அவ்வளவே. இடம் உங்களுடையது, உள்ளே இருக்கும் தகவல் அவர்களுடையது. பையர் விலை, ஸ்டாக், தொழிலாளர் சம்பளம் எதுவும் உங்களுடையதல்ல. நீங்கள் எழுதிய சோர்ஸ் கோடு (மென்பொருளின் மூல நிரல்) வேறு. நீங்கள் அவர்களின் ஊழியர் அல்ல, எழுத்தில் உரிமை மாற்றமும் இல்லை. அதனால் பதிப்புரிமை (காப்பிரைட்) உங்களிடமே இருக்கிறது என்று உறுதியாக வாதாடலாம். தகவலைத் தொடாதீர்கள், சோர்ஸ் கோடை விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் கார்டில் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். மெயிலில் 30 நாள் அவகாசம் கொடுங்கள்: இந்தத் தேதிக்குள் சர்வர் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது முழுத் தகவலையும் எடுத்துக்கொள்ளுங்கள், நானே எடுத்தும் தருகிறேன் என்று. பாக்கியைப் பற்றி அந்த மெயிலில் ஒரு வார்த்தை கூடாது. பாக்கியும் சர்வரும் ஒரே வாக்கியத்தில் வந்தால் மிரட்டல் என்று வாசிப்பார்கள். மாறும் நாளில் உங்கள் சோர்ஸ் கோடு கூடவே போய்விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கு வேண்டியது மட்டும் அங்கே இருக்கட்டும். குறித்த தேதியில் மென்பொருளைத் தானே நிறுத்தும் லைசென்ஸ் பூட்டு ஏதாவது உள்ளே ஒளித்து வைத்திருந்தால் எனக்குத் தெரிய வேண்டாம், உங்கள் வக்கீலிடம் முதலில் சொல்லுங்கள்.

இன்னொரு குழி, மன்னிப்பு. பில் தேதிக்குப் பிறகு ‘சாரி சார், லேட் என் தப்புதான், அடுத்த வாரம் முடிச்சுடறேன்’ மாதிரி எத்தனை மெசேஜ் அனுப்பினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கிளையன்டைச் சமாதானப்படுத்த எழுதியது கோர்ட்டில் ஒப்புதல் ஆகிவிடும். இனி ஒன்றும் எழுத வேண்டாம். ‘தம்பி, அந்த ரிப்போர்ட்டையும் சேர்த்துப் போட்டுடு’ என்ற முதலாளியின் வாய்ஸ் நோட்டுகள் உங்களுக்குச் சாதகம். இலவசமாகச் செய்வதாக நீங்கள் சொல்லாத கூடுதல் வேலைக்கு ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவில் நியாயமான தொகை கேட்க வழி இருக்கிறது. ஆனால் அந்தப் போனை மாற்றாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் அவுட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணத்துக்கான 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும்.

உத்யம் பதிவு தாமதம். வேலைக்கு முன் இருந்திருந்தால் 45 நாள் கெடு, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று கேட்டிருக்கலாம். பின்னால் பதிந்தவருக்கு முன்னால் செய்த வேலைக்குப் பலன் இல்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல் அந்தக் கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. அதை நம்பிக் கேஸ் போட நான் சொல்ல மாட்டேன்.

என் யோசனை, தீர்த்துக்கொள்ளுங்கள். 7.5 லட்சம் உங்களுக்கு வராது. சம்பளப் பகுதி முடியாதபோது அந்த 2 லட்சத்தைக் கேட்பது உங்கள் நல்ல கேஸையும் கெடுக்கும், விட்டுவிடுங்கள். 3 லட்சமும் 54,000-மும் உறுதியான பணம். கூடுதல் வேலையில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். நாலு லட்சத்தைத் தொட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் அவசரம் இருக்கிறது: பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் தரவில்லையென்றால் உங்கள் பில்லைக் காட்டி எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை (வரிக் கழிவை) வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும். ஏழு மாதம் ஆகிவிட்டது. மகனிடம் பேசாதீர்கள், அவர்கள் ஆடிட்டர் காதில் இதைப் போடுங்கள்.

3 லட்சத்துக்கு மேல் வணிக வழக்கு என்பதால், அவசரத் தடை கேட்காதவரை கோர்ட்டுக்கு முன் எப்படியும் சமரசத்துக்குப் போயாக வேண்டும். அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நீங்களே ஆரம்பித்துவிடுங்கள். அங்கே எழுதிய தீர்வு நடுவர் தீர்ப்பு போல நிறைவேற்றத்தக்கது, வெளியில் பேசிய பேச்சுக்கு அந்தப் பலம் இல்லை. தீர்வுப் பத்திரத்தில் 18 லட்சக் கோரிக்கையை அவர்கள் கைவிடுவதாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். சோர்ஸ் கோடு, பணம் உங்கள் கணக்கில் ஏறிய மறுநாள். செக் கொடுத்த அன்று அல்ல. தொகைக்குப் பக்கத்தில் ‘டிடிஎஸ் போக’ என்றா ‘டிடிஎஸ் உட்பட’ என்றா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.