கண்டது மொழிமோ: சில கேள்விகள், என் பதில்கள்

மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எழுத்திலும் பொது இடத்திலும் எது சரி, எது தப்பு என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே (மாணவி, திருநகர்): அய்யா, ஏ.ஐ. எழுதிக் கொடுத்த கவிதையை அனுப்பிக் கல்லூரிப் போட்டியில் என் தோழி முதல் பரிசு வாங்கிவிட்டாள். கேட்டால், "தருமியும் அடுத்தவர் பாட்டைத்தானே கொண்டுபோனார்" என்கிறாள்.

ப: தோழி கதையைப் பாதியில் விட்டுவிட்டாள். திருவிளையாடற் புராணத்துத் தருமி, கல்யாணச் செலவுக்குப் பொற்கிழியை நம்பிய ஏழைப் பிள்ளை. அவன்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் நக்கீரர் பாட்டில் குற்றம் சொன்னதும் அவனுக்கு வாய் எழவில்லை. எழுதியவனுக்குத்தானே தன் சொல்லுக்குப் பதில் சொல்ல வரும்? சிவனே சபைக்கு வந்து, என் பாட்டில் குற்றம் கண்டது யார் என்று கேட்க வேண்டியதாயிற்று. குறுந்தொகையில் அது 2ஆம் பாட்டு. அங்கே இறையனார் பெயர்தான் இருக்கிறது. தருமி பெயர் இல்லை.

அந்தப் பாட்டுக்குள்ளேயே உங்கள் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. தலைவன் தும்பியிடம், அதாவது வண்டிடம், சொல்கிறான்: "காமம் செப்பாது கண்டது மொழிமோ." எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். கவிதைப் போட்டி கேட்பதும் அதைத்தான். ஏ.ஐ. எந்த நாளும் வைகையில் கால் வைத்ததில்லை. பரிசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவதாக வந்த பிள்ளைக்குச் சேர வேண்டியது அது.

கே (புகைப்படம் எடுப்பவர், செல்லூர்): அழகர் ஆற்றில் இறங்கும்போது எடுத்த படங்களைப் பொதுவில் போடலாமா?

ப: கூட்டத்தை எடுத்ததைப் போடுங்கள். தோல்பையோடு தண்ணீர் பீய்ச்சும் பக்தரை எடுத்தால் அவரிடமே காட்டுங்கள், மனிதர் பூரித்துப்போவார். நனைந்த சேலையோடு நிற்கும் பெண்ணை லென்ஸால் கிட்டே இழுத்து எடுத்தது இருந்தால் அழித்துவிடுங்கள். அவர் சாமி பார்க்க வந்தவர்.

கே (ஐ.டி.ஐ. மாணவர், நாகமலை): சமணர் மலையில் அந்தக் காலத்திலேயே பேரைப் பொறித்திருக்கிறார்கள். நாங்கள் எழுதினால் மட்டும் குற்றமா?

ப: நல்ல கேள்வி தம்பி, மழுப்பாமல் பதில் சொல்கிறேன். அந்த மலை இருக்கும் கீழக்குயில்குடியில் சமணச் சிற்பங்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்தை, அதாவது பழைய தமிழ் எழுத்தை, யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்னார் என்றிருக்கும். மாங்குளத்துக்குப் போனால் அதற்கும் பல நூற்றாண்டு முந்திய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதி, கணி நந்தன் என்ற சமணத் துறவிக்குப் பள்ளி, அதாவது தங்குமிடம், அமைத்துக் கொடுத்த செய்தி அது. கொடுத்ததற்குச் சாட்சியாகப் பேர் இருக்கிறது. நீங்கள் அங்கே என்ன கொடுத்தீர்கள்? உங்கள் பெயின்டுக்கு அடியில் ஆயிரம் வருஷத்து எழுத்து ஒன்று மறைந்தால் அதைப் படிக்க யாராலும் முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பவர்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறையும் உண்டு. ஆனால் அதற்குப் பயந்து நீங்கள் நிறுத்த வேண்டாம். ஒருநாள் அதே மலையில் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

கே (உசிலம்பட்டி): நாவல்களின் பி.டி.எஃப். பகிர்வது தப்பா?

ப: எழுதியவர் காலமாகி 60 ஆண்டு முடிந்திருந்தாலோ, நாட்டுடைமை ஆகியிருந்தாலோ தாராளமாகப் பகிருங்கள். உயிரோடு இருப்பவருடையது என்றால் தப்புதான். வாங்க வசதி இல்லையா, நூலகத்தில் கேட்டு எடுங்கள்.

கே (மேலூர்): பேரை மாற்றித்தான் அத்தையின் வாழ்க்கையைக் கதையாக எழுதினேன். பத்திரிகையில் வந்ததும் ஊருக்கே தெரிந்துவிட்டது. அத்தை பேசுவதில்லை.

ப: பேரை மாற்றினால் சென்னையில் மறையும், ஊருக்குள் மறையாது. வேப்பமரத்து வீடு என்று ஒரு வார்த்தை போதும். நானும் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவரை இப்படி எழுதினேன். அவர் சண்டை போடவில்லை. என் வீட்டுத் திண்ணைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். இன்றுவரை எனக்கு அது வலிக்கிறது.

ஊரை ஏய்க்கும் பெரிய மனிதரைப் பற்றி எழுத யாரிடமும் அனுமதி வேண்டாம். அத்தை அப்படியா? நம்பி உங்களிடம் சொன்னவர். அச்சுக்குப் போகுமுன் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். இப்போது போன் செய்யாதீர்கள், நேரில் போங்கள். பத்திரிகையைக் கொண்டுபோக வேண்டாம், இலக்கியம் என்று விளக்கவும் வேண்டாம். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். தொகுப்பில் அந்தக் கதையைச் சேர்க்காதே என்றால் சேர்க்காதீர்கள்.